ரைட்டர் கழற்றாத பூட்ஸ்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாதேஸ்வரனுக்குக் கால் எரியும். வியாதி எதுவும் இல்லை, எல்லாம் அந்த பூட்ஸ் செய்கிற வேலை. முழங்கால் வரைக்கும் ஏறி நிற்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸ், கம்பெனி கொடுத்தது. மற்ற ஆறு நாளும் அவன் டயர் செருப்போடு எஸ்டேட்டைச் சுற்றி வந்தாலும் ஏனென்று கேட்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூட்ஸ் போட்டே ஆக வேண்டும், இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை போட்டே ஆக வேண்டும். அன்றைக்குத்தான் பங்குதாரர்கள் வருவார்கள்.

பங்குதாரர்கள் என்றதும் காரில் வந்து இறங்குகிற பெரிய இடத்து ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆத்தூரில் பள்ளிக்கூடக் கிளார்க், நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ்காரர், சேலத்தில் வளையல் கடை வைத்திருக்கிற அம்மா, இப்படிப்பட்டவர்கள்தான். தொண்ணூற்று மூன்றில் எங்கே பார்த்தாலும் ஷேர், ஷேர் என்று ஒரே பேச்சாக இருந்ததல்லவா, அப்போது 'பசுஞ்சிகரம் பிளான்டேஷன்ஸ்' என்று பச்சை எழுத்தில் அச்சடித்த விண்ணப்பத்தை வாங்கி, பங்கு ஒன்றுக்குப் பத்து ரூபாய் வீதம் இருநூறு பங்கு, முந்நூறு பங்கு என்று வாங்கிப் போட்டவர்கள். ஏற்காட்டில் இருநூற்று நாற்பது ஏக்கர் காப்பித் தோட்டம், மிளகு, ஆரஞ்சு, எல்லாவற்றிலும் உங்களுக்குப் பங்கு என்று நோட்டீஸ் சொன்னது. இரண்டு வருஷம் ஆகியும் லாபத்தில் ஒரு பைசா கண்ணில் காணோம் என்றதும், பாவம், நாலு பேர் விசாரிக்க வந்தார்கள்.

வந்தவர்களை விரட்டியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். கம்பெனியின் எம்.டி. வேலுசாமி விரட்டுகிற ஆள் இல்லை. உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "வாங்க, நேராக் கேளுங்க, உங்க கம்பெனி" என்றார். அந்த நாலு பேரும் முகமெல்லாம் பூரித்துப் போய் மலையிறங்கினார்கள், அதில் இரண்டு பேர் மச்சினனையும் சேர்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், மறுமாதம் நோட்டீஸில் ஒரு புது வரி ஏறியது. 'சந்தேகமா? இடையில் யாரையும் கேட்காதீர்கள். நேரில் வந்து நிர்வாகத்தையே கேளுங்கள்!'

நிர்வாகம் காப்பி கொடுத்ததோடு சரி. தோட்டத்தைக் காட்டுகிற வேலை எஸ்டேட் ரைட்டரான மாதேஸ்வரன் தலையில் விழுந்தது. ஆள் கணக்கு எழுதி, வேலை பிரித்துக் கொடுத்து, காய் எடை பார்க்கிற மனுஷனை ஊர்சுற்றிக் காட்டுகிற ஆளாக ஆக்கிவிட்டார்கள்.

இருநூற்று நாற்பது ஏக்கர் என்று நோட்டீஸ் சொல்கிறதே, அதில் காப்பி நிற்பது நாற்பத்திரண்டு ஏக்கர்தான். மீதியெல்லாம் உண்ணிச்செடிப் புதரும் பாறையும், அதுவும் அட்வான்ஸ் கொடுத்துப் பதிவு செய்யாமல் கிடக்கிற அடுத்தவன் நிலம். ஆனால் அந்த நாற்பத்திரண்டு ஏக்கர் ஒரு சரிவில் நீளமாகக் கிடக்கிறது. மேலே பங்களாப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு தோட்டம். ஜீப்பில் ஏற்றி, குப்பனூர் ரோட்டில் மூன்று மைல் சுற்றவைத்து, கீழே கேட்டில் இறக்கி அண்ணாந்து பார்க்கச் சொன்னால் அது வேறு தோட்டம். மேலே 'ஏ பிளாக்' என்று ஒரு போர்டு, கீழே 'சி பிளாக்' என்று ஒரு போர்டு. 'பி பிளாக்' எங்கே என்று கேட்டால் மருந்து அடித்திருக்கிறது, போகக் கூடாது என்று சொல்ல வேண்டும்.

மேலே களை வெட்டிக்கொண்டிருந்த அதே எட்டுப் பெண்கள், ஜீப் சுற்றி வருவதற்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, தலைத்துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு, கீழே களை வெட்ட வேண்டும். இது எம்.டி.யின் ஏற்பாடு. பெண்களின் தலைவி காளியாயிக்கு ஐம்பது வயசு. "ஏனுங்க ரைட்டரே, ஒரே களையை ரெண்டு வாட்டி வெட்டறதுக்கு எங்களுக்கு ரெட்டைக் கூலி உண்டுங்களா? முட்டி தேஞ்சு போச்சுங்க" என்று வாரா வாரம் அவன் காதைக் கடிப்பாள். "பாத்து எறங்குங்க" என்பான் அவன்.

முதல் ஞாயிறு அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பத்தாவது ஞாயிறு கூச்சம் போய்விட்டது, சலிப்புத்தான் மிச்சம். அப்படி என்ன கட்டாயம் என்று கேட்டால், கட்டாயம் இருந்தது. அவனுடைய சொந்த நிலம் அப்பன் காலத்திலேயே போய்விட்டது. குடியிருக்கிற வீடு, கூலியாட்களுக்கென்று கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் ஊடு. மகள் செல்வி சேலத்தில் நர்ஸ் படிப்பு இரண்டாம் வருஷம், அந்த ஃபீஸும் எம்.டி. கையெழுத்துப் போட்டுத்தான் வர வேண்டும். வயசு ஐம்பத்தொன்று. இந்த வயசில் வேறு எஸ்டேட்டில் யார் ரைட்டர் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்?

பங்குனி மாசம் முதல் வாரம், வியாழக்கிழமை நல்ல மழை பெய்தது. காப்பிக்கு அதுதான் பூ மழை. அந்த மழை விழுந்தால் ஒன்பது பத்து நாளில் செடி முழுக்கப் பூத்துவிடும். அந்த ஞாயிறு மொட்டெல்லாம் பச்சையாகத் தடித்து நின்றது. எம்.டி.க்கு வாயெல்லாம் பல். கம்பெனி இரண்டாவது தடவையாகப் புதுப் பங்கு வெளியிட்டிருந்தது, பழைய பங்குதாரர்களுக்கே முதல் உரிமை, மாசக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும்.

அன்றைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஆறுமுகம் என்று ஒருவர். சேலத்தில் நூல்மில்லில் முப்பத்திரண்டு வருஷம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஒரு டைரி, டைரியில் சொருகிய பேனா. இப்படி ஒரு பங்குதாரரை மாதேஸ்வரன் அதுவரைக்கும் பார்த்ததில்லை. வீட்டிலிருந்தே கேள்விகளை நம்பர் போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. மில்லுல குடுத்த மொத்தப் பணத்துல முப்பதாயிரத்தை இதுல போடலாம்னு இருக்கறேனுங்க. அதனால கேட்டுப் போட்டுப் போடலாம்னு வந்தேன்" என்றார்.

"கேளுங்க, கேளுங்க. உங்களை மாதிரி ஆளுதான் எங்களுக்கு வேணும்" என்றார் எம்.டி.

ஆறுமுகம் கேட்டார். ஏக்கருக்கு எத்தனை செடி, செடிக்கு எவ்வளவு காய், எத்தனை ஆள், காயை யாருக்குப் போடுகிறீர்கள், கடன் உண்டா, பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் கேட்டார். எம்.டி. ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். பத்திரமெல்லாம் பேங்க் லாக்கரில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னபோது ஆறுமுகமே சிரித்துவிட்டார். எல்லாவற்றையும் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டார்.

ஜீப் கிளம்புகிற நேரத்துக்கு பங்களா வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நடந்து வந்த வேர்வை, இடுப்பில் ஒரு துணிப் பை. பார்த்ததும் மாதேஸ்வரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராசாத்தி! அவன் சொந்த ஊரான தலைச்சோலையில் இருக்கிற சித்தப்பன் மகள்.

"என்ன அம்மிணி, இங்க?"

"நானும் பங்குக்காரிதானுங்கண்ணா" என்று பையிலிருந்து மடித்த பத்திரத்தை எடுத்து நீட்டினாள். முந்நூறு பங்கு. "பஜார்ல டைலர் கடை சுப்பிரமணிதான் எழுதிக் குடுத்தாரு. போன வருசம் மொளகு வித்த காசு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா கண்ணு?"

"எதுக்குங்க கேக்கறது? நீங்க இருக்கற கம்பெனிங்கறதாலதானே போட்டேன்" என்றாள் ராசாத்தி. அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

இப்போது அவளும் அவள் புருஷன் அங்கப்பனும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அங்கப்பனுக்கு இடுப்புப் போய்விட்டது, முன்னைப்போல மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. இருக்கிற முக்கால் ஏக்கர் காப்பியைப் பஜாரில் ஒருவரிடம் அடமானம் வைத்து, பதினைந்தாயிரம் வாங்கி, புதுப் பங்கில் போட்டுவிட்டால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சுப்பிரமணி கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்.

"நோட்டீஸுல நிர்வாகத்தை நேராக் கேளுங்கன்னு போட்டிருக்குதுங்க. அதான் கேக்க வந்தேன்" என்றாள்.

எம்.டி. இரண்டு கையையும் நீட்டி வரவேற்றார். "வாங்கம்மா! கேளுங்க, என்ன கேக்கோணும்?"

ராசாத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களை எனக்குத் தெரியாதுங்களே. எனக்கு கம்பெனின்னா எங்கண்ணந்தானுங்க. தோட்டத்தைப் பாத்துட்டு அவரைக் கேட்டுக்கறேன்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எம்.டி.யும் சிரித்தார். மாதேஸ்வரன் ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டான். பூட்ஸுக்குள் கால் கொதித்தது.

மேலே ஏ பிளாக் காட்டினான். சில்வர் ஓக் மரம், அதில் படர்ந்த மிளகு, கீழே மொட்டுக் கட்டிய காப்பி, எட்டுப் பெண்கள் களை வெட்டுகிறார்கள். ஆறுமுகம் ஒரு செடியின் கிளையைப் பிடித்து மொட்டை எண்ணிப் பார்த்து எழுதினார். பிறகு ஜீப் குப்பனூர் ரோட்டில் சுற்றிக்கொண்டு கீழே வந்தது. சி பிளாக். எட்டுப் பெண்கள் களை வெட்டுகிறார்கள். காளியாயி மூச்சு வாங்குவதை மறைக்கக் குனிந்தே இருந்தாள்.

ராசாத்தி காளியாயியைப் பார்த்தாள். சரிவை அண்ணாந்து பார்த்தாள். மலையில் பிறந்தவளுக்கு மண்ணைத் தெரியாதா? ஆனால் அவளுக்குத் தான் பார்த்தது போதவில்லை, அண்ணன் வாய்ச்சொல் வேண்டியிருந்தது.

"ஏனுங்கண்ணா, எல்லை எதுவரைக்குமுங்க?"

மாதேஸ்வரன் கையைத் தூர நீட்டினான். எதிரே தெரிகிற அடுத்த மேட்டையும் தாண்டி நீட்டினான். வாரா வாரம் நீட்டுகிற கைதான். "அந்த மேடு தாண்டி, ஓடை வரைக்கும்."

"இப்பிடிச் சொன்னா எப்பிடிங்கண்ணா? பூட்ஸைக் கழட்டிட்டு நடந்து காட்டுங்க. நானும் கூட வாரேன்" என்றாள்.

ஜீப்பில் வந்த மற்றவர்களுக்கு அது என்னவோ விளையாட்டுப் பேச்சாகப் பட்டது. மாதேஸ்வரனுக்கு மட்டும்தான் தெரியும். தலைச்சோலையில் பத்திரம், சர்வே எல்லாம் பிற்பாடு வந்தவை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலும் நிலம் கைமாறினாலும், இரண்டு பக்கமும் நம்புகிற ஒரு ஆளைக் கூப்பிட்டு எல்லையில் நடக்கச் சொல்வார்கள். அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து, ஒவ்வொரு கல்லாக மிதித்துக் காட்ட வேண்டும். வெறுங்காலோடு பொய்யான எல்லையை மிதித்தவனை அப்புறம் எந்த ஊட்டிலும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். அப்படி நடக்கிற ஆளாகப் பன்னிரண்டு வருஷமாக மாதேஸ்வரனைத்தான் கூப்பிட்டார்கள். நிலமே இல்லாத அவனுக்கு ஊரில் இருந்த ஒரே சொத்து அதுதான்.

அவன் பூட்ஸைப் பார்த்தான். கழற்றினால் நாற்பத்திரண்டு ஏக்கரோடு நிற்க வேண்டும். டிரைவர் பார்த்துக்கொண்டிருக்கிறான், சாயங்காலமே எம்.டி. காதுக்குப் போய்விடும், வேலை, லைன் ஊடு, செல்வியின் படிப்பு எல்லாம் ஒரே நாளில் போய்விடும். கழற்றிவிட்டுப் பொய் நடை நடக்க அவனால் முடியாது, அந்த அளவுக்கு அவன் இன்னும் கெட்டுப்போகவில்லை.

"காலு வீங்கியிருக்குது அம்மிணி. கழட்ட வராது" என்றான்.

"கழட்ட வராதுங்களா?"

"வராது."

ராசாத்தி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் காளியாயியின் களைக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிங்கண்ணா" என்றாள். பத்திரத்தை மடித்துத் துணிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"விடுங்கம்மா, மழை பேஞ்ச காட்டுல வெறுங்காலா நடந்தா முள்ளு ஏறிக்குமுங்க" என்று ஆறுமுகம் சமாதானம் சொன்னார். நல்ல மனுஷன். மாதேஸ்வரனுக்குப் பரிந்து பேசுகிறாராம்.

திரும்புகிற ஜீப்பில் ராசாத்தி ஏறவில்லை. நடந்தே போகிறேன் என்றாள். மாதேஸ்வரன் கேட் வரைக்கும் அவளோடு போனான். "அங்கப்பனுக்கு இடுப்பு எப்படி இருக்குது?" என்று கேட்டான்.

"இருக்குதுங்க." அவள் நின்றாள். "சித்திரையில அவரு அண்ணனோட பாகம் பிரிக்கறம். எல்லை நடக்க உங்களைத்தான் கூப்பிடோணும்னு இருந்தமுங்க. பாக்கலாம்."

அந்தப் பாக்கலாமை அவன் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நீங்க கழட்டாததுல நான் தெரிஞ்சுக்கிட்டேன். நெலம் தப்புச்சுது. அந்த டைரிக்காரரு பாவம், அவரு எதுல தெரிஞ்சுக்குவாருங்கண்ணா?"

சாயங்காலம் மனைவி குப்பாயி பூட்ஸை இழுத்துக் கழற்றினாள். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது. நடந்ததைச் சொன்னான். அவள் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, "புள்ளைக்கு இன்னும் ஒன்ற வருசம் இருக்குதுங்க. அப்பறம் எந்த நாயி கேக்குது?" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். யார் சொல்வதைக் கேட்டாலும் நியாயமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவனுக்கு அசதி. ஆள் கணக்கு எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. ராசாத்தியின் கேள்வி சொத்தைப் பல்வலியாகக் கூடவே இருந்தது. கடிதம் எழுதலாமா என்று யோசித்தான். ஆறுமுகத்தின் விலாசம் பங்களா ஆபீஸில் இருந்தது, போய் எடுத்தால் போதும். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. எடுக்கவில்லை. மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவர் நிதானமான ஆள், யோசிக்காமல் கட்ட மாட்டார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் காப்பி பூத்தது. அடேயப்பா, ஒரே ராத்திரியில் சரிவு முழுக்க வெள்ளை! வாசம் லைன் ஊட்டுக்குள் வரைக்கும் வந்து நின்றது. எம்.டி. பங்களாவிலிருந்து ஓடிவந்து பார்த்தார். "மாதேஸ்வரா, நாளைக்கு ரெண்டு ஜீப்பு. இருபது பேரு. இந்தப் பூவைப் பாத்துட்டு எவன் பணம் கட்டாம போறான்னு பாத்தர்றேன்" என்றார். மறுநாளைக்கென்று பங்களா மேஜையில் விண்ணப்பங்களை அடுக்கி, மேலே காகிதம் பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரன் பூட்ஸை மாட்டும்போது குதிகால் புண் உராய்ந்து உயிர் போயிற்று. போட்டுக்கொண்டான். இருபது பேர் வந்தார்கள். கேள்வி கேட்டார்கள், காப்பி குடித்தார்கள். வந்தவர்களில் ஆறுமுகமும் இருந்தார். அதே வெள்ளை வேட்டி, அதே டைரி. இந்தத் தடவை தம்பியையும் தம்பி சம்சாரத்தையும் கூட்டி வந்திருந்தார். மாதேஸ்வரனைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்தமாதிரி கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்கறீங்களா ரைட்டரே? காலு வீக்கம் கொறஞ்சுதுங்களா?"

இதுவரைக்கும் மாதேஸ்வரன் எந்த முடிவுக்கும் வந்திருக்கவில்லை. சத்தியமாக இல்லை. ஏ பிளாக்கில் இறக்கி, வழக்கமான பேச்சை ஆரம்பித்தான். ஏக்கருக்கு எத்தனை செடி என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். வார்த்தை மறந்துபோகவில்லை. அலுத்துவிட்டது. ஒரு மனுஷனுக்கு எத்தனை தடவைதான் முடியும்? போதும் போதும் என்று ஆகிவிட்டது.

"ஜீப்பு வேண்டாமுங்க. இப்பிடி வாங்க" என்று ஒற்றையடிப் பாதையில் மேலே ஏறினான். டிரைவர் பின்னாலிருந்து கூப்பிட்டான். மாதேஸ்வரன் திரும்பவில்லை. பாதை முடிகிற இடத்தில் ஒரு அகலப் பாறை. இருபது பேரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மொத்தச் சரிவும் தெரியும். பூவெல்லாம் வெள்ளையாக ஒரு நீளப் பட்டை. அதற்கு நாலு பக்கமும் பச்சைப் புதரும் பாறையும்.

மாதேஸ்வரன் பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். முதலில் இடது, அப்புறம் வலது. வலது குதிகாலில் ரத்தம் ஒட்டியிருந்தது. யாரோ ஒரு அம்மா, "ஐயோ" என்றாள்.

"வெள்ளையாத் தெரியறது மட்டுந்தானுங்க காப்பி" என்றான். "நாப்பத்திரண்டு ஏக்கர். நாங்க மேல ஒருக்கா, கீழ ஒருக்கான்னு காட்டறது இதே தோட்டந்தானுங்க. மத்ததெல்லாம் கம்பெனிது இல்லீங்க. வாங்க, எல்லையைக் காட்டறேன்."

வெறுங்காலோடு இறங்கி நடந்தான். ஈர மண். முதல் கல்லை மிதித்தான், இரண்டாவது கல்லை மிதித்தான். பாதிப் பேர் பின்னால் வந்தார்கள், பாதிப் பேர் பாறையிலேயே நின்று சத்தம் போட்டார்கள். வெள்ளை முடிகிற இடத்தில், உண்ணிச்செடிக்குள் பாதி புதைந்த கடைசிக் கல்லின் மேல் ஏறி நின்றான். "இதோட சரிங்க" என்றான். நடந்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு ஒரே கூச்சல். ஒருவர் எம்.டி.யைக் கிழிக்கிறேன் என்று பங்களாவைப் பார்த்து ஓடினார். இன்னொருவர், இவன் வேறு கம்பெனியில் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறான் என்றார். வளையல் கடை அம்மா, "இத்தனை நாளு எங்களைச் சுத்தவெச்ச நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று நேருக்கு நேராகக் கேட்டாள். கேட்க வேண்டியதுதான். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். பெண்களோடு நின்ற காளியாயி களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் கீழே இறங்கி அதே களையை இரண்டாம் தடவை வெட்ட வேண்டியிருக்கவில்லை.

எல்லாரும் பங்களாவைப் பார்த்துப் போன பிறகு ஆறுமுகம் மட்டும் நின்றார். தம்பியையும் தம்பி சம்சாரத்தையும் முன்னால் போகச் சொல்லிவிட்டார். டைரியைத் திறந்து, பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார்.

"கேள்வி ஒம்பது. தோட்டம் பூராவும் கம்பெனி பேர்லதானுங்களா. ஆமாங்க. கேள்வி பத்து. ஏ பிளாக்கும் சி பிளாக்கும் எத்தனை தூரம். மூணு மைலுங்க. இது நீங்க சொன்னது. பக்கத்துல உங்க பேரை எழுதி வெச்சிருக்கறேன்."

"ஆமாங்க."

"போன வாரம் அந்தம்மா கழட்டச் சொன்னது இதுக்குத்தானுங்களா?"

"ஆமாங்க. கழட்டாட்டி, காட்டற எல்லை பொய்யின்னு அர்த்தம். எங்க ஊர்ல அப்பிடிங்க."

"அந்தம்மா பணம் கட்டலீங்களா?"

"கட்டலீங்க."

ஆறுமுகம் டைரியை மூடினார். பேனாவைச் சொருகினார். "நான் திங்கக்கெழமையே கட்டிட்டனுங்க. முப்பதாயிரம். இன்னைக்குத் தம்பியைச் சேத்துவிடலாம்னு கூட்டியாந்தேன்."

மாதேஸ்வரன் கல்லின் மேலிருந்தபடியே மூடிய டைரியைப் பார்த்தான்.

"பதினேழு கேள்வி கேட்டேனுங்க" என்றார் ஆறுமுகம். "ஒரு மனுசன் வேற என்னதான் கேக்கறது, நீங்களே சொல்லுங்க. செருப்பைக் கழட்டச் சொல்லோணும்னு எனக்கு யாரும் சொல்லலீங்களே."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழுக்காமல் பார்த்துப் பார்த்துச் சரிவில் ஏறிப் போனார். பங்களாப் பக்கமிருந்து எம்.டி. மாதேஸ்வரன் பேரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. அவன் கல்லைவிட்டு இறங்கினான். பூட்ஸ் மேலே பாறையிலேயே கிடந்தது, அதை எடுக்கப் போகவில்லை. எரிந்துகொண்டிருந்த குதிகாலுக்கு ஈர மண் குளிர்ச்சியாக இருந்தது, எத்தனையோ மாசத்துக்குப் பிறகு கால் சுகமாக இருந்தது. அந்த மனுஷன் அப்படிப் போகிற நேரத்தில் தனக்குச் சுகமாக இருக்கிறதே என்றுதான் அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.